97 சதவீதம் ‘இயங்கும்’ சார்ஜரில் கார் ஏன் சார்ஜ் ஆவதில்லை?

மின்சார கார்களுக்கான பொதுச் சார்ஜர்களில் எத்தனை உண்மையிலேயே வேலை செய்கின்றன? இந்தக் கேள்வியோடு 2022-இல் சிலர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம் முழுக்கச் சுற்றினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெம்பெலும் அவருடைய குழுவினரும் 181 சார்ஜிங் நிலையங்களுக்கு நேரில் போய், அங்கிருந்த 657 அதிவேக சார்ஜிங் கன்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சோதனை எளிமையானதுதான்: கன்னைக் காரில் மாட்டி, பணம் கட்டி, இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது. போகும் நேரத்தில் வேறொரு கார் அங்கே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் ‘வேலை செய்கிறது’ என்றே எழுதிக்கொண்டார்கள்.

72.5 சதவீதம் வேலை செய்தன. 22.7 சதவீதம் செய்யவில்லை. மீதி 4.9 சதவீதத்தில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் கேபிள் நீளம் போதாமல் காரின் துளைக்கு எட்டவில்லை. வேலை செய்யாதவற்றில் திரை இருண்டு கிடந்தவை உண்டு, கார்டை ஏற்காதவை உண்டு, எல்லாம் சரியாக இருந்தும் கடைசிக் கட்டத்தில் சார்ஜ் தொடங்காமல் நின்றுபோனவையும் உண்டு. சுமார் ஒரு வாரம் கழித்து, சோதித்த எல்லாக் கன்களிலும் பத்தில் ஒரு பங்கை மறுபடி போய்ப் பார்த்தார்கள். மொத்த நிலவரத்தில் மாற்றமில்லை.

அதே காலத்தில் இந்த நிலையங்களை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் சார்ஜர்கள் 95 முதல் 98 சதவீத நேரம் இயங்குவதாகச் சொல்லிவந்தன. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். டிப்போவில் எத்தனை பஸ் ஓடும் நிலையில் நிற்கிறது என்பது ஒரு கணக்கு; நிறுத்தத்தில் நிற்பவருக்கு பஸ் கிடைத்ததா என்பது வேறு கணக்கு. சார்ஜிங் துறை பல ஆண்டுகளாக முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதற்குப் பதில் சொல்லிவந்தது.

அந்த முதல் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

11 நாள் விடுமுறை

2021 நவம்பரில் அமெரிக்கா நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டம், சார்ஜிங் வசதிகளுக்கு 750 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 500 கோடி, நெடுஞ்சாலைகளுக்கான ‘நெவி’ திட்டத்துக்குப் போனது. அந்தத் திட்டத்தின் 2022 வழிகாட்டுதல் 50 மைலுக்கு ஒரு நிலையம், அதுவும் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றது. அரசுப் பணத்தில் சார்ஜர் வைப்பவர்கள் பின்பற்ற வேண்டிய விதிகள் 2023 பிப்ரவரியில் வெளிவந்தன. நிலையத்துக்குக் குறைந்தது நான்கு கன். நான்கிலும் ஒரே நேரத்தில் கார் நின்றாலும் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோவாட். இவற்றோடு, ஒவ்வொரு கன்னும் ஆண்டில் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும்.

ஆண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். அதில் மூன்று சதவீதம் 15,768 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 11 நாள். ஒரு சார்ஜர் ஆண்டில் 11 நாள் செத்துக் கிடந்தாலும் விதிப்படி அது தேறிவிடும். இது பெரிய குறை என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலிலும் மழையிலும் நிற்கும் இயந்திரத்துக்கு அவ்வளவு சலுகை தரலாம். கவனிக்க வேண்டியது, இந்த 11 நாளில் எதையெல்லாம் சேர்க்க வேண்டாம் என்ற பட்டியலை. மின்தடை சேராது. கோளாறு காரில் இருந்தால் சேராது. முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு, விஷமிகள் உடைத்தது, இயற்கைச் சீற்றம் எதுவும் சேராது. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விலக்கும் நியாயமானதே. அதன் கையில் இல்லாத ஒன்றுக்கு அதைத் தண்டிக்கக் கூடாதுதான். ஆனால் பேட்டரியில் எட்டு சதவீதத்தோடு வந்து நிற்பவருக்குச் சார்ஜ் ஏறாத காரணம் யாருடையதாக இருந்தால் என்ன?

விதியின் வாசகம் உண்மையில் கடுமையானது. சார்ஜர் இணைப்பில் இருந்தால் போதாது, குறைந்தபட்ச வேகத்தில் மின்சாரத்தை வெற்றிகரமாகக் கொடுக்கவும் வேண்டும் என்கிறது. சிக்கல் அதை அளக்கும் இடத்தில் வருகிறது. உலகின் பெரும்பாலான பொதுச் சார்ஜர்கள் ‘ஓசிபிபி’ என்ற பொது நெறிமுறையில் தங்கள் சர்வரோடு பேசுகின்றன. நெதர்லாந்தில் பிறந்த இந்த நெறிமுறையில், சார்ஜர் சீரான இடைவெளியில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பு அனுப்பும். கூடவே ஒவ்வொரு கன்னின் நிலையையும் சொல்லும்: காலியாக இருக்கிறது, பயன்பாட்டில் இருக்கிறது, பழுது. சர்வரில் பச்சை விளக்கு எரிந்தால் அந்த நிமிடம் ‘இயங்கிய நிமிடம்’ ஆகிவிடுகிறது.

தன்னைப் பற்றித் தானே அறிக்கை தரும் இயந்திரத்துக்குத் தெரியாதவை நிறைய. கன்னின் மேல் யாரோ சக்கரத்தை ஏற்றி உள்ளே பின் வளைந்திருப்பது தெரியாது. வெயிலில் திரை வெளுத்து எதுவும் படிக்க முடியாமல் இருப்பது தெரியாது. முன்னால் யாரோ பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போயிருப்பது தெரியாது. தாமிரத்துக்காகக் கேபிளையே வெட்டிக்கொண்டு போவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொடர் தலைவலியாகிவிட்டது. சில மாடல்களில் அதைக்கூடச் சார்ஜர் உடனே உணர்ந்துகொள்வதில்லை.

எதை ‘இயங்குகிறது’ என்று வரையறுக்கிறோம் என்பதில் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு டெஸ்லா நல்ல உதாரணம். தன் சூப்பர்சார்ஜர் நிலையங்கள் 99.95 சதவீதம் இயங்குவதாக அந்த நிறுவனம் அறிக்கைகளில் சொல்லியிருக்கிறது. அதன் அடிக்குறிப்பின்படி, ஒரு நிலையத்தின் திறனில் பாதி அன்று வேலை செய்தாலே அந்த நிலையம் இயங்குவதாகக் கணக்கு. பத்தில் ஐந்து கன் பழுதானாலும் நிலையம் தேறிவிடும். கேட்பதற்கு ஏமாற்று வேலை போல இருக்கும். ஆனால் ஓட்டுநரின் அனுபவத்துக்கு இந்தக் கணக்கு ஒருவகையில் கன் கணக்கைவிட நெருக்கமானது: பத்து கன் இருக்கும் இடத்தில் ஐந்து வேலை செய்தால், காத்திருக்க நேரலாமே தவிர, சார்ஜ் ஏற்றாமல் திரும்ப வேண்டியதில்லை.

சங்கிலியில் எங்கே அறுகிறது

பெட்ரோல் பங்கில் குழாயைத் தூக்கினால் எண்ணெய் வரும். பங்க்குக்கும் காருக்கும் இடையே பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. அதிவேக சார்ஜிங்கில் நடப்பதே பேச்சுவார்த்தைதான். கன்னை மாட்டியதும் காரும் சார்ஜரும் கேபிளிலுள்ள ஒரு தகவல் கம்பி வழியே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. எவ்வளவு வோல்ட் தாங்குவாய், எவ்வளவு ஆம்பியர் வேண்டும், பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேள்வி பதில் நடக்கிறது. பிறகு கன் காரோடு பூட்டிக்கொள்கிறது. மின்கசிவு இருக்கிறதா என்று காப்புச் சோதனை. சார்ஜர் தன் வோல்டேஜைப் பேட்டரியின் வோல்டேஜுக்கு நிகராகக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் காருக்குள் இருக்கும் தொடுப்பான்கள் மூடி, மின்சாரம் பாய ஆரம்பிக்கும். இந்தப் படிகளில் எது குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டாலும் இரண்டு பக்கமும் கையை விரித்துவிடும்.

இது மின்சாரத்தின் பக்கம். பணத்தின் பக்கம் இன்னொரு சங்கிலி. உங்கள் போனில் சிக்னல் வேண்டும், ஆப் திறக்க வேண்டும், வாலட்டில் பணம் இருக்க வேண்டும், நிறுவனத்தின் சர்வர் விழித்திருக்க வேண்டும், அங்கிருந்து சார்ஜருக்குள் இருக்கும் சிம் கார்டுக்குக் கட்டளை போய்ச் சேர வேண்டும். நிலத்தடி பார்க்கிங்கில் வைத்த சார்ஜர்கள் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இயந்திரம் நன்றாகவே இருக்கும். அதனிடம் சொல்ல ஆளில்லை.

இப்படி ஆறு கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 98 சதவீதம் நம்பகமானது என்றாலும், ஆறும் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு சுமார் 88.6 சதவீதம்தான். ஒன்பது முறை போனால் ஒரு முறை தோல்வி. தனித்தனியே ஒவ்வொருவரும் ‘என் பகுதி 98’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பெர்க்லி எண்ணும் நிறுவனங்களின் எண்ணும் ஒட்டாமல் நின்ற இடம் இதுதான்.

கார் நிறுவனங்களும் இதில் அப்பாவிகள் இல்லை. ஒரே தர நிர்ணயத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் புரிந்துகொண்டு மென்பொருள் எழுதுகிறது. ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு நேற்றுவரை ஏற்றுக்கொண்ட சார்ஜரைக் கார் மறுக்கும். சார்ஜர்காரரைக் கேட்டால் கார் என்பார், ஷோரூமில் கேட்டால் சார்ஜர் என்பார்கள். டெஸ்லாவுக்கு இந்தத் தகராறே இல்லாமல் போனதற்குக் காரணம் எளிது: காரும் அதனுடையது, சார்ஜரும் அதனுடையது. கன்னை மாட்டினால் கார் யாருடையது என்று சர்வருக்குத் தெரிந்துவிடும், பணம் கணக்கிலிருந்து போய்விடும். 2023 மே மாதத்தில் ஃபோர்டு தன் கார்களுக்கு டெஸ்லாவின் சார்ஜர்களைத் திறந்துவிடச் சொல்லி ஒப்பந்தம் போட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் வரிசையாக வந்தன. டெஸ்லாவின் கன் சிறியது, இலகுவானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் வாங்கப் போனது மாட்டினால் சார்ஜ் ஏறும் என்ற உறுதியை. (அடுத்த ஆண்டே டெஸ்லா தன் சூப்பர்சார்ஜர் பிரிவு ஊழியர்களைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பியது தனிக் கூத்து.)

ஒன்றா, நான்கா?

நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இயந்திரத்தின் தரத்தையே பேசுகிறார்கள். ஓர் இடத்தில் எத்தனை இயந்திரம் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். ஒரு கன் பத்தில் ஒன்பது முறை வேலை செய்யும் என்று கொண்டால், ஒரே கன் இருக்கும் இடத்தில் தோல்விக்கான வாய்ப்பு 10 சதவீதம். தனித்தனியாக இயங்கும் இரண்டு இருந்தால் 1 சதவீதம். நான்கு இருந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. சுமாரான இயந்திரங்கள் நான்கு, அருமையான இயந்திரம் ஒன்றைவிட மேல். நெவி விதி நான்கு கன் கேட்டதற்கு இது ஒரு காரணம்.

‘தனித்தனியாக’ என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. நம் ஊர்களில் அடிக்கடி பார்ப்பது ஒரே பெட்டியில் இரண்டு கன். பெட்டிக்குள் ஒரே மின் இணைப்பு, ஒரே கட்டுப்பாட்டுப் பலகை, ஒரே சிம். பெட்டி படுத்தால் இரண்டும் படுக்கும். 60 கிலோவாட் என்று எழுதிய பெட்டியில் இரண்டு கார் மாட்டினால் பல மாடல்களில் ஆளுக்கு 30 கிலோவாட்தான் வரும். ஆப்பில் பார்த்தால் ‘2 சார்ஜர்கள், 60 கிலோவாட்’ என்று இருக்கும். மின்தடை வந்தால் அந்த வட்டாரத்திலுள்ள நான்கு நிலையங்களும் சேர்ந்தே போகும் என்பது வேறு விஷயம்.

இடம் பிடிப்பதில் நடக்கும் கூத்துக்கு அமெரிக்காவின் அன்றைய எரிசக்தித் துறைச் செயலரே (நம் ஊர்க் கணக்கில் அமைச்சர்) சாட்சி. 2023 கோடையில் ஜெனிஃபர் கிரான்ஹோம் மின்சார கார்களை விளம்பரப்படுத்த ஒரு சாலைப் பயணம் போனார். ஜார்ஜியா மாநிலத்தின் குரோவ்டவுனில் ஒரு நிலையத்தில் நான்கு சார்ஜர். ஒன்று பழுது, மற்றவை பயன்பாட்டில். அமைச்சருக்கு இடம் பிடிக்க அவருடைய ஊழியர் ஒருவர் ஒரு பெட்ரோல் காரைக் கொண்டுபோய்ச் சார்ஜர் முன்னால் நிறுத்திவைத்தார். கைக்குழந்தையோடு வந்து காத்திருந்த குடும்பம் போலீசைக் கூப்பிட்டுவிட்டது. சார்ஜர் இடத்தில் பெட்ரோல் காரை நிறுத்துவது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றமில்லை என்பதால் போலீசாருக்கும் செய்ய எதுவும் இருக்கவில்லை. பிறகு ஊழியர்களே வேறு கார்களை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

இந்தியாவின் எண்ணிக்கை

இந்தியாவில் சார்ஜிங் என்பது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. அதற்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதல், நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வைத்தது. பிறகு, மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியத் திட்டத்தில் 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அவை தங்கள் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 அதிவேக நிலையங்கள் அமைக்க வேண்டும்: இந்தியன் ஆயில் 3,438, பாரத் பெட்ரோலியம் 2,334, இந்துஸ்தான் பெட்ரோலியம் 1,660.

2024 டிசம்பர் நிலவரப்படி நாட்டில் 25,202 பொதுச் சார்ஜிங் நிலையங்கள் இருந்தன. அதில் கர்நாடகத்தில் மட்டும் 5,765. நாடாளுமன்றக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும்: மாநிலம், எண்ணிக்கை. எத்தனை கன், எவ்வளவு கிலோவாட், எந்த வகை கன், நேற்று அதில் கார் சார்ஜ் ஆனதா என்பது அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறது.

கன் வகை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை. 2017 வாக்கில் அரசு ‘பாரத் டிசி-001’ என்றொரு தரத்தை வகுத்தது. 15 கிலோவாட், சீனாவின் ஜிபி/டி வகை கன். அரசு அலுவலகங்களுக்காக வாங்கிய மஹிந்திரா இ-வெரிட்டோ போன்ற கார்களுக்கு அது பொருந்தியது. 2019 முதல் வந்த ஹூண்டாய் கோனா, டாடா நெக்ஸான் போன்றவை ஐரோப்பாவின் சிசிஎஸ்-2 வகைக்குப் போய்விட்டன. பழைய சார்ஜர் எண்ணெய் போட்ட மாதிரி ஓடினாலும், அதன் கன்னை மாட்ட இன்றைய கார்களில் துளை கிடையாது. ‘பாரத் ஏசி-001’ என்ற உடன்பிறப்பு இன்னும் வேடிக்கை: மூன்று சாக்கெட், ஒவ்வொன்றிலும் 3.3 கிலோவாட். முதல் நெக்ஸானின் 30.2 யூனிட் பேட்டரியை அதில் நிரப்ப ஒன்பது மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலை ஓட்டுநருக்கு இவை இரண்டும் இல்லாததற்குச் சமம்.

அடுத்தது மின் இணைப்பு. சார்ஜரை இறக்கிக் கான்கிரீட்டில் நிறுத்துவது ஒரு வேலை, அதற்குக் கரன்ட் வாங்குவது வேறு வேலை. 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு வைத்தால் ஒரு சிறு தொழிற்சாலையின் பளு. அந்த இடத்தின் டிரான்ஸ்பார்மர் தாங்காவிட்டால் புதிதாகப் போட வேண்டும், அதற்கு விண்ணப்பம், மதிப்பீடு, கட்டணம், ஆய்வு. பிளாஸ்டிக் உறை கிழியாமல் பங்க் ஓரத்தில் நிற்கும் சார்ஜர்களைப் பார்த்திருப்பீர்கள். நிறுவிய கணக்கில் அவை வந்துவிட்டன.

இணைப்பு வந்த பிறகும் நம் ஊர் மின்சாரத்தின் குணம் ஒன்று உண்டு. துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைனின் (ஃபீடர்) கடைசியில் இருக்கும் நிலையங்களில் மாலையில் லோ வோல்டேஜ். ஒரு வரம்புக்குக் கீழே போனால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். எர்த்திங் சரியில்லாவிட்டால் சார்ஜர் தயாராக இருந்தாலும் கார் மறுக்கும். குறிப்பாக மெதுவான ஏசி சார்ஜிங்கில் இது அடிக்கடி நடக்கும். கோடையில் காற்றோட்ட வடிகட்டியில் தூசி அடைத்து, உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பலகைகள் சூடாகி, 60 கிலோவாட் பெட்டி 30-க்கு இறங்கிவிடும். உள்ளே பல பலகைகள் இணையாக இருப்பதால் ஒன்று போனாலும் பெட்டி நிற்காது, மெதுவாகும். ஆப்பில் அப்போதும் பச்சைதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஊர்ப்பட்ட தொல்லை தருவது: சார்ஜரின் முகப்பில் இருக்கும் சிவப்பு அவசர நிறுத்தக் குமிழ். குழந்தைகள் விளையாட்டுக்கு அழுத்துவார்கள். சார்ஜிங்கை முடிக்கத் தெரியாதவர்களும் அழுத்துவார்கள். அழுத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக் கருதி, அதை நேரில் வந்து திருகித்தான் விடுவிக்க முடியும், சர்வரிலிருந்து முடியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்பவர்களிடம் முதலில் கேட்பது ‘சார், அந்தச் சிவப்பு பட்டன் உள்ளே போயிருக்கா பாருங்க’ என்பதாக இருப்பது இதனால்தான். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் இருக்கும் சார்ஜர்கள் தனியாகக் காலி இடத்தில் நிற்பவற்றைவிட நன்றாக ஓடுவதற்கும் பெரிய தொழில்நுட்பக் காரணம் கிடையாது. அங்கே ஒரு செக்யூரிட்டி இருக்கிறார். குமிழைத் திருகுவார், மெயினை அணைத்துப் போடுவார், சார்ஜர் முன்னால் நிறுத்த வரும் டீசல் காரை விரட்டுவார். எந்த நிறுவனத்தின் நம்பகத்தன்மை அறிக்கையிலும் அவர் பெயர் வராது.

சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தெற்கே போகும் சாலையில் சாதாரண நாட்களில் இப்போது சார்ஜருக்குப் பஞ்சமில்லை. பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய இரவு கதை வேறு. பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிட வேலை இங்கே 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்; முன்னால் இரண்டு கார் நின்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். அன்று ஒரு பெட்டி பழுதானால் அதன் கூட்டம் அடுத்த நிலையத்தில் போய்ச் சேரும். ஆண்டுச் சராசரியில் இந்த ஓரிரு இரவுகள் காணாமல் போய்விடும். மின்சார கார் வாங்கலாமா என்று யோசிப்பவரின் மனதில் பதிவது அந்த இரவுகள்தான்.

அனுபவசாலிகள் வரைபடத்தில் சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கிளம்புவதில்லை. பிளக்‌ஷேர் போன்ற செயலிகளில், வாட்ஸ்அப் குழுக்களில், ‘உளுந்தூர்பேட்டையில யாராவது இன்னைக்கு சார்ஜ் போட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய தகவல் ஒன்றுதான்: அந்தக் கன்னில் கடைசியாக ஒரு கார் எப்போது ஒழுங்காகச் சார்ஜ் ஆனது? அமெரிக்காவில் தேசிய ஆய்வகங்கள் சேர்ந்து 2023-இல் தொடங்கிய ‘சார்ஜ்எக்ஸ்’ கூட்டமைப்பும் சுற்றி வளைத்து இதே இடத்துக்குத்தான் வந்தது. இயங்குநேரத்தோடு, முதல் முயற்சியிலேயே சார்ஜ் ஏறியதா என்பதையும் அளக்க வேண்டும் என்றது.

பழுதுபார்க்க யார் பணம் கொடுப்பது

பழுதைச் சரிசெய்யாமல் விடுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்லிவிடலாம். கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஒரு 60 கிலோவாட் சார்ஜருக்கு நாளைக்கு ஐந்து கார் வந்து தலா 20 யூனிட் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். 100 யூனிட். அந்த இயந்திரம் 24 மணி நேரமும் ஓடினால் தரக்கூடியது 1,440 யூனிட். அதாவது திறனில் ஏழு சதவீதம் மட்டுமே பயன்படுகிறது. யூனிட் 20 ரூபாய் என்றால் நாள் வருமானம் 2,000. அதிலிருந்து மின்சாரத்துக்கு, வாங்கி வைத்த கிலோவாட்டுக்கான நிலைக்கட்டணத்துக்கு, இட உரிமையாளரின் பங்குக்கு, கடன் வட்டிக்கு எல்லாம் போக வேண்டும். ஒரு டெக்னீஷியனை 150 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினால் அந்த வாரத்து லாபம் காலி. எனவே அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பழுதாகும் வரை காத்திருந்து, ஒரே சுற்றில் மூன்றையும் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள்.

மானியங்களும் இதற்குத் துணைபோயின. பெரும்பாலான நாடுகளில் அரசு பணம் கொடுத்தது நிறுவுவதற்கு; ஓட்டுவதற்கு அல்ல. சார்ஜரை வைத்த அன்றே பணத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டால், அது மூன்றாம் ஆண்டில் வேலை செய்கிறதா என்ற கவலை யாருக்கு? அமெரிக்கா இதற்குத் தனியாக விலை கொடுத்தது. 2024 ஜனவரியில், ஏற்கெனவே நிறுவிய சுமார் 4,500 பழுதான சார்ஜர்களைச் சரிசெய்யவோ மாற்றவோ 20 மாநிலங்களுக்கு 14.88 கோடி டாலர் ஒதுக்கியது.

பிரிட்டன் தண்டத்தின் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2023-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களை நடத்தும் நிறுவனங்கள் 2024 நவம்பர் 24 முதல் 99 சதவீத நம்பகத்தன்மையைக் காட்ட வேண்டும். தவறினால் ஒரு சார்ஜருக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். 24 மணி நேரமும் இலவச உதவி எண், ஆப் இல்லாமல் வங்கி அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் வசதி, விலையை யூனிட்டுக்கு இவ்வளவு பென்ஸ் என்று எழுதிவைப்பது ஆகியவையும் கட்டாயம். அட்டை வசதி என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆப், வாலட் என்ற இரண்டு கண்ணிகளையும் அது சங்கிலியிலிருந்து கழற்றிவிடுகிறது. டீக்கடையில் கியூஆர் ஒட்டிய நாட்டில், சார்ஜருக்கு மட்டும் ஆளுக்கு ஆறு ஆப்பும் ஒவ்வொன்றிலும் மீதிப் பணமுமாக அலைவது எனக்குப் புரியாத புதிர்.

பிரிட்டனின் 99 சதவீதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது நிறுவனத்தின் மொத்த வலையமைப்புக்கான சராசரி. லண்டனைச் சுற்றி 500 சார்ஜர் நன்றாக ஓடினால், ஸ்காட்லாந்தின் மலைச் சாலையில் மாதக்கணக்கில் செத்துக்கிடக்கும் ஒன்று கணக்கில் மறைந்துவிடும். மாற்றே இல்லாத இடத்தில் இருக்கும் சார்ஜர்தான் அதிக நம்பகமாக இருக்க வேண்டும். சராசரி அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

நிலைமை நகரவே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ஜே.டி. பவர் நிறுவனம் அமெரிக்க ஓட்டுநர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில், சார்ஜ் ஏற்றப் போய் ஏற்ற முடியாமல் திரும்பியவர்கள் 2022, 2023-இல் ஐந்தில் ஒருவர். 2024-இல் 19 சதவீதம். 2025-இல் 14 சதவீதம். பழைய இயந்திரங்களைக் கழித்துப் புதியவற்றை வைத்தது, ஒரே இடத்தில் அதிக கன் வைக்கத் தொடங்கியது, மற்ற கார்களுக்கு டெஸ்லா கதவைத் திறந்தது என்று இறக்கத்துக்குக் காரணங்கள் ஊகிக்கக் கூடியவையே.

இந்தியாவில் அடுத்த சுற்றுப் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியத் திட்டத்தில் சுமார் 72,000 நிலையங்களுக்கு 2,000 கோடி ரூபாய். எல்லா நிறுவனங்களின் சார்ஜர்களையும் ஒரே இடத்தில் காட்டும் பொதுச் செயலியை உருவாக்கும் பொறுப்பு அரசின் பெல் (BHEL) நிறுவனத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. அதில் முன்பதிவு, பணம் கட்டுதல், நேரடி நிலவரம் எல்லாம் வரும் என்கிறார்கள். நேரடி நிலவரம் என்பது பச்சை, சிவப்பு விளக்கோடு நின்றுவிடுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஓசிபிபி நெறிமுறையில் ஒவ்வொரு சார்ஜும் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, மீட்டர் எங்கிருந்து எங்கே போனது, ஏன் நின்றது என்பதெல்லாம் சர்வரில் ஏற்கெனவே பதிவாகிறது. நின்ற காரணத்துக்கென்றே தனிக் கட்டம் உண்டு: ஓட்டுநர் நிறுத்தினார், கரன்ட் போனது, அவசரக் குமிழ் அழுத்தப்பட்டது. ‘இந்தக் கன்னில் கடைசியாக இன்று காலை 7.40-க்கு 22 யூனிட் ஏறியது’ என்று ஆப்பில் ஒரு வரி காட்டப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, நிறுவனங்கள் அதைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.